மஞ்சள் துணி இல்லாத சுவர்

ஈரமான கான்கிரீட்டுக்கு ஒரு வாசனை உண்டு, இன்ஸ்பெக்டர். பழக்கமில்லை என்றால் இந்த அறைச் சுவரில் கொஞ்சம் தேநீரைத் தெளித்துப் பாருங்கள். வேண்டாம், இதற்கு பெயின்ட் அடித்திருக்கிறார்கள். காலமெல்லாம் பெயின்ட் விற்றே பிழைத்தவன் நான். இதுவும் என் பாவமாக இருக்கலாம்.

ஓய்வு பெற்ற பிறகுதான் பூசாத சுவர்மேல் எனக்குக் காதல் வந்தது. என் பால்கனிக்கு நேர் எதிரே இருந்த மூன்றாம் பிளாக்கை நீங்களும் பார்த்தீர்கள். கான்கிரீட் வார்த்தபோது அடைத்த பலகைகளின் ரேகை அப்படியே சுவரில் பதிந்திருக்கும். மழையில் நனைந்தால் சுவர் கறுத்து, ரேகையெல்லாம் எழுந்து நிற்கும். ஒரு காடே கைநாட்டு வைத்த மாதிரி. நான் எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்தக் கட்டடம் எக்கித்தான் பார்க்க வேண்டும். காலமான என் மனைவியின் படம் ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அதிலும் அவள் ஓரமாக, சுவரின் உயரத்தைக் காட்டுவதற்காக நிற்கிறாள்.

பிளாக்கை இடிக்கப் போகிறார்கள் என்றதும் எல்லோரும் காலி செய்து போனார்கள், நான்காம் மாடி குனிமோதோ அம்மாளைத் தவிர. வயதானவர், தனிக்கட்டை. எங்கள் குடியிருப்பில் தனியாக இருக்கும் முதியவர்கள் காலையில் எழுந்ததும் பால்கனியில் ஒரு மஞ்சள் துணியைத் தொங்கவிட வேண்டும். உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். துணி இல்லாவிட்டால் யாராவது போய்க் கதவைத் தட்டுவார்கள். மூன்றாம் பிளாக்கைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. எதிரே இருக்கிறேன், நல்ல லென்ஸும் வைத்திருக்கிறேன் என்று குடியிருப்போர் சங்கத் தலைவர் தெராவோகாதான் கேட்டுக்கொண்டார்.

ஆக, அத்தனை பெரிய சாம்பல் சுவரில் ஒரே ஒரு மஞ்சள் புள்ளி. அம்மாளுக்கு அது தெரியும். கடைவாசலில் என்னைப் பார்த்தால் விடமாட்டார்.

"என்ன மொரியசு சான், என் துணி உங்க சுவத்துக்கு மொகப்பரு மாதிரி இருக்கோ?"

"அப்படியெல்லாம் இல்லீங்க. ரொம்ப அழகு."

"பொய் சொன்னா உங்க காது செவக்குது. ஒரு நாளைக்கு மாட்டாதீங்கன்னு வாயத் தொறந்து கேளுங்களேன். தெராவோகாகிட்ட சொல்லிட்டு விட்டுடறேன். ஆனா கேக்க மாட்டீங்க. அவ்வளவு வெக்கம்!"

கேட்பதாவது. அக்கம்பக்கத்தில் ஒன்றை வாய்விட்டுக் கேட்பது எங்களிடம் அநாகரிகம். கேட்காமலே புரிந்துகொள்ள வேண்டும்.

ஜூன் மழை இரவெல்லாம் கொட்டி விடியலில் நின்றது. ஜன்னலைத் திறந்தேன். சுவர் மைபோலக் கறுத்திருந்தது. துணி இல்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்காமலே இந்தக் காலையை எனக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டாரே என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பது?

தெராவோகா போன் செய்தார். "குனிமோதோ அம்மா துணி போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு. பளிச்சுன்னு இருக்கு."

"இந்த மழைக்கு அப்புறமுமா? கில்லாடிதான் அந்தம்மா."

இல்லை என்றிருந்தால் மனிதர் தன் ஆரஞ்சு ஜாக்கெட்டோடு மாடி மாடியாக ஓடியிருப்பார். பரிசு வீணாகியிருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் மஞ்சள் எங்கே தெரியப் போகிறது என்கிறீர்கள். தெரியாதுதான். எனக்குத் தெரியுமே.

ஆமாம், நீங்கள் பரப்பி வைத்திருக்கும் படங்களில், பால்கனித் தடுப்புக்கு அடியிலுள்ள இடுக்கில் தெரிவது கைதான். முதலில் கதவு நிலைப்பக்கம். பிறகு மழைநீர் போகும் துவாரத்தருகே. அப்புறம் தடுப்பையே தொட்டுவிட்டது, விரல்களில் துணியோடு. நல்ல லென்ஸ் என்று சொன்னேனே. ஆனால் படச் சட்டத்துக்குள் இருக்கும் எதையும் நான் தொடுவதில்லை. அது என் கொள்கை. மங்கலான வெளிச்சத்தில் ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து எடுக்க வேண்டும், அசைவதெல்லாம் கலங்கிவிடும். அதனால் அது ஓயும்வரை காத்திருந்தேன். பொறுமையில்லாதவர்கள் கான்கிரீட் பக்கமே வரக் கூடாது. கடைசிப் படத்தின் கூர்மையைப் பாருங்கள். பிரதி போடும்போது அந்த மூலையைக் கொஞ்சம் கறுக்க விட்டேன். அது தொடுவதில் சேராது.

அடுத்தடுத்த நாட்களிலும் நல்ல மழை. தெராவோகா கேட்டார், நானும் போட்டாச்சு என்றேன்.

கண்காட்சியில் முதல் பரிசு கிடைத்தது. மனித வாடையே படாத படம் என்று பாராட்டினார் நடுவர். தெராவோகா மட்டும் படத்தில் மூக்கு இடிக்க நின்றுகொண்டு, "மொரியசு சான், துணி எங்க?" என்றார். அவ்வளவு கூர்மையான கண்ணுக்கு அந்தப் பொறுப்பை அவரே வைத்துக்கொண்டிருக்கலாம்.

ஒன்றை மட்டும் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். குனிமோதோ அம்மாள் வீட்டுக் கதவின் குமிழில் தொங்கிய இனிப்புப் பெட்டி யாருடையது என்று கேட்டீர்களே, அது என்னுடையது. படம் எடுத்த அன்று மாலையே வாங்கிப் போனேன். அந்தக் காலைப் பரிசை வாங்கிக்கொண்டு பதில் மரியாதை செய்யாதவன் என்ற பேர் எனக்கு வேண்டாம். தொந்தரவு செய்யக் கூடாதென்று கதவைத் தட்டவில்லை. அவர்தான் எப்படியோ பால்கனியிலிருந்து வாசல்வரை வந்து, உள்ளேயிருந்து கதவின் அடிப்பக்கமாக மெல்லத் தட்டினார். பெரிய மனசு. ஏற்றுக்கொண்டார் என்று புரிந்துகொண்டு, கதவைப் பார்த்து நன்றாகக் குனிந்து வணங்கிவிட்டு, சத்தமில்லாமல் படியிறங்கி வந்துவிட்டேன்.