வலது கத்தியின் உள் விளிம்பு

போட்டி நாளன்று கடற்பாசி சூப் குடிக்கக் கூடாது என்பார்கள் எங்கள் கொரியாவில். கால் வழுக்கிவிடுமாம். பிறந்தநாளன்று அதைக் குடிக்காமல் இருக்கவும் கூடாது. பியோ இன்ஹாவுக்கு இரண்டும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன.

ஒன்பது வருடத்துக்கு முன், காங்னுங்கில் நடந்த ஆசியப் போட்டி. ஆண்கள் ஆயிரம் மீட்டர் பனிச்சறுக்கு ஓட்டத்தின் இறுதிச் சுற்று அன்று பிற்பகல். காலையில் சாப்பாட்டுக் கூடத்தில் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளியது நான்தான்.

"இருபது வயசாச்சு, இன்னும் சூப்புக்குப் பயப்படறியா? ரெண்டு கரண்டி குடிடா."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்கண்ணே," என்றான். ஆனாலும் குடித்தான். ஏழு வயது மூத்தவன் சொன்னால் இளையவன் மறுப்பதில்லை. எங்கள் அணியில் அப்படி ஒரு சட்டம் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

விசாரணைக்காக நீங்கள் கொடுத்த படிவத்தை நிரப்பிவிட்டேன். பெயர் நாம்குங் சொக், வயது முப்பத்தாறு. ஏழாவது கேள்வி, பாதிக்கப்பட்டவர் தன் உபகரணத்தைப் பற்றி யாரிடமாவது சந்தேகம் தெரிவித்தாரா என்பது. இல்லை என்று எழுதியிருக்கிறேன். மற்றதையெல்லாம் வாயால் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்தேழு. ராணுவத்தில் சேரச் சொல்லி ஓலை வந்துவிட்டது, இனித் தள்ளிப்போட முடியாது. அந்தப் போட்டியில் தங்கம் வாங்கினால் விலக்கு உண்டு. வெள்ளிக்குக் கிடையாது. அந்த வயதில் ஒன்றரை வருடம் பனியை விட்டு விலகினால் திரும்பி வந்து ஓட முடியாது. இன்ஹாவுக்கு இன்னும் இரண்டு மூன்று போட்டிகளுக்கு வயது இருந்தது. கணக்காகப் பார்த்தால் யாருக்கு அந்தத் தங்கம் தேவை என்பது குழந்தைக்கும் விளங்கும்.

பயிற்சியாளர் மாவுக்கு மட்டும் விளங்கவில்லை. அரையிறுதி முடிந்ததும் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இறுதிச் சுற்றில் ஐந்து பேர், அதில் நாங்கள் இருவர்.

"சொக், நீ முன்னாடி போ. பின்னாடி வர்றவங்கள மறி. கடைசி ரெண்டு சுத்து இருக்கறப்போ உள்பக்கம் வழி விடு, இன்ஹா வருவான்."

"அண்ணனுக்கு ஓலை வந்திருக்கு சார். அண்ணன் முன்னாடி போகட்டும்," என்றான் இன்ஹா.

"நீ வாய மூடு. ஓலைக்காகவா ஓடறோம்? யாரு வேகமோ அவனுக்குத்தான்."

அவன் எனக்காகப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. பிச்சை போடுகிறானோ என்று தோன்றியது. இதைச் சொல்லவே இப்போது நாக்கூசுகிறது.

எங்களில் மூத்தவர்களின் ஸ்கேட் காலணிக்கு அடியில் இருக்கும் கத்தியை இளையவர்கள்தான் தீட்டுவார்கள். நான்கு வருடமாக என் ஸ்கேட்டை அவன்தான் தீட்டினான், ஒரு நாள்கூடக் குறை வைத்ததில்லை. அன்று நான் அவனுடைய ஸ்கேட்டை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"பொறந்தநாள் பரிசுடா. இன்னைக்கு நான் தீட்டித் தர்றேன்."

"ஐயோ, வேணாம்ணே." அவன் எழுந்தே நின்றுவிட்டான். மா சிரித்தார். "இன்னைக்குச் சூரியன் மேக்கால உதிச்சிருக்குடா," என்றார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டு ஸ்கேட்டையும் தாங்கியில் பூட்டி நன்றாகவே தீட்டினேன். வேலை முடிந்த பிறகு, வலது கத்தியின் உள் விளிம்பில் மட்டும், நடுவிலிருந்து குதிகால் பக்கமாக, தீட்டுகல்லைச் சாய்த்து மூன்று முறை இழுத்தேன். எங்கள் ஓட்டம் முழுக்க இடது வளைவுதான். உடம்பு மொத்தமும் சாய்ந்து நிற்பது அந்த விளிம்பில். வளைவில் அரை அடி பின்தங்குவான், அவ்வளவுதான் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். பதினெட்டு வருடம் பனியில் ஓடியவனுக்கு மழுங்கிய விளிம்பு என்ன செய்யும் என்று தெரியாதா? அது வேகத்தைக் குறைக்காது, ஆளைத் தூக்கி எறியும். தெரியும். தெரிந்துதான் இழுத்தேன்.

கத்தி கூராக இருக்கிறதா என்று பார்க்கக் கட்டைவிரல் நகத்தை விளிம்பில் வைத்து இழுப்போம். கூராக இருந்தால் நகத்தின் வெள்ளைத் தூள் கத்தியில் ஒட்டும். காத்திருக்கும் இடத்தில் இன்ஹா பழக்கதோஷத்தில் நகத்தை வைத்தான். தூள் ஒட்டவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு தலை குனிந்து, "ரொம்ப நன்றிண்ணே," என்றான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சரிசெய்து கொடுத்திருப்பேன். கல் என் பையில்தான் இருந்தது. ஓட்டத்துக்குப் பதினோரு நிமிடம் இருந்தது.

மொத்தம் ஒன்பது சுற்று. முதல் ஐந்து சுற்றும் மெதுவாகத்தான் போனோம். கடைசிக்கு இரண்டு இருக்கும்போது, சொன்ன வாக்குத் தவறாமல் உள்பக்கம் வழி விட்டேன். ஒளிப்பதிவில் பார்த்தால் தெரியும். அவன் முழு வேகத்தில் உள்ளே நுழைந்தான். வளைவின் நடுவில் வலது கால் வெளியே போனது. முதுகு முன்னால் போகச் சுவர் மெத்தையில் மோதினான். பின்னால் வந்த சீனக்காரர் தடுமாறினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. முதலாவதாகக் கோட்டைத் தாண்டிக் கைகளைத் தூக்கினேன்.

அவனைத் தூக்குக்கட்டிலில் கொண்டு போகும்போது என்னைக் கூப்பிட்டான். "தங்கம் நமக்குத்தானேண்ணே? மன்னிச்சிருங்க, உங்க வழிய அடைச்சுருப்பேன்." காலில் உணர்ச்சி இல்லை என்பதை அவன் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

மருத்துவமனையில் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "காலைல எம் புள்ள என்ன சாப்பிட்டான்பா?"

கடற்பாசி சூப் என்றேன். அந்த அம்மா மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அன்னைக்கு மட்டும் வேணாம்னு." இன்றுவரை அந்த வீட்டில் யார் பிறந்தநாளுக்கும் அந்தச் சூப் வைப்பதில்லை. மூன்று முறை கல்லை இழுத்ததைவிட அந்த ஒரு பதில்தான் என்னை அதிகம் அரிக்கிறது. அல்லது அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

எனக்கு விலக்கு கிடைத்தது. இன்னும் நான்கு வருடம் ஓடினேன், பெரிதாக ஒன்றும் வெல்லவில்லை. இன்ஹா இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனான். கை நன்றாக இருந்ததால் காங்னுங் பனித்தளத்திலேயே கத்தி தீட்டும் வேலைக்குச் சேர்ந்தான். இந்த ஊரில் அவனைப் போலத் தீட்ட ஆள் இல்லை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒட்டரிசிப் பலகாரம் வாங்கிக்கொண்டு போவேன். எழுந்து நிற்க முடியாததற்கு ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்பான்.

போன வாரமும் போனேன். ஓட வந்த ஒரு பெண் பிள்ளையிடம் ஸ்கேட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"நகத்துல வெச்சுப் பாரும்மா."

"நீங்க தீட்டினதுல என்ன சார் பாக்கறது?"

"யாரு தீட்டுனாலும் பாரு. மழுங்கலா இருந்தா தூக்கி எறி. குடுத்தது யாரா இருந்தாலும் சரி, மூஞ்சியப் பாக்காத."

நான் வாசலில் நிற்பது அவனுக்குத் தெரியும். அவன் திரும்பவில்லை. கையிலிருந்த பலகாரப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என்னை இழுத்து வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் வேண்டாம், அதற்கும் எனக்கு அருகதை இல்லை.

அந்தப் படிவத்தைத் திரும்பக் கொடுக்கிறீர்களா? ஏழாவது கேள்வியை அடிக்க வேண்டும். ஒன்பது வருடமாக எனக்கே சொல்லிச் சொல்லி, அவன் வாய் திறக்கவில்லை என்றே நம்பிவிட்டேன். அவன் கேட்டான். நகத்தைப் பார்த்துவிட்டு, ஸ்கேட்டை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான். மா பக்கத்தில்தான் இருந்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. வலதுகால மட்டும் இன்னொரு தடவை பாத்துக் குடுக்கறீங்களா?"

நான் அதை வாங்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்துக்கொண்டே, "ஏன்டா, என் கைமேல நம்பிக்கை இல்லையா?" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவன் தலை குனிந்து நன்றி சொன்னான்.