வாய் மட்டும் என்னோடது

அந்த நாற்காலி வேணாம் கண்ணு, கம்பி குத்தும். இப்படி ஜன்னலோரமா உக்காரு. கடல் தெரியும்னு சொல்லித்தான் இந்த வீட்ட எனக்குக் குடுத்தாங்க. இந்த மோர்கம் ஊருல பாதி நேரம் தண்ணி உள்வாங்கி கடல் அங்க இருக்காது, வெறும் சேறுதான். ஆமா, நீ கேட்டது காதுல விழுந்துச்சு. வியாழக்கிழம அடக்கத்துக்கு முன்னால சர்ச்சுல நான் எந்திரிச்சு நின்னு உங்கம்மாவப் பத்தி நாலு வார்த்த பேசணும். அதுக்குத்தான் லண்டன்லேர்ந்து ரயில் மாறி மாறி வந்திருக்க. மாட்டேன்னு இன்னும் சொல்லலயே. மொதல்ல டீயக் குடி.

பேப்பர்ல நானும் பாத்தேன் ஹாரியட். விவியன் லார்ன் படத்துல கேட்ட குரல் உங்கம்மா டெலியாவோடதுன்னு அவ செத்தப்புறம்தான் ஊருக்குத் தெரிஞ்சிருக்கு. கீழ் வீட்டுக்காரி பேப்பரத் தூக்கிட்டு மாடியேறி வந்துட்டா. ஏங்க, அப்ப நீங்க சும்மா வாயத்தான் அசைச்சீங்களான்னு கேக்குறா. பிஸ்கட்டு குடுத்து அனுப்பிவிட்டேன்.

சும்மா அசைக்கல கண்ணு. முழுசாப் பேசித்தான் நடிச்சேன்.

விவியன் லார்ன்ங்கிறது எனக்கு ஸ்டுடியோல வச்ச பேரு. எட்னா என்ட்விசில்னு போஸ்டர்ல போட்டா எவன் டிக்கெட் வாங்குவான்னு ஸ்டுடியோல சிரிச்சாங்க. நான் வடக்க பர்ன்லி மில்லுல தறி ஓட்டிக்கிட்டு இருந்தவ. வருசத்துல ஒரு வாரம் மில்ல மூடுவாங்க, ஊரே கெளம்பி இந்தக் கடற்கரைக்குத்தான் வரும். இங்க நடந்த அழகிப் போட்டில கூட வந்தவளுக என்னையப் பிடிச்சு மேடைல ஏத்திவிட்டாளுக. ஸ்டுடியோக்காரன் ஒருத்தன் பாத்துட்டான். அவ்வளவுதான் கத.

லண்டன்ல உங்கம்மாவும் நானும் ஒரே அறை. அவ டாக்டர் வீட்டுப் பொண்ணு, நாடகம் முறையாப் படிச்சவ. குரல்னா அப்படி ஒரு குரல். மூஞ்சிதான் கேமராவுக்கு ஒத்துக்கல. கோவிச்சுக்காத, அவளே சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. குளிர் காலத்துல தன்னோட கோட்டையும் எடுத்து என் மேல போர்த்திவிடுவா. நல்லவ இல்லன்னு நான் எங்கயும் சொன்னதில்ல. அவ்வளவு நல்லவ பண்ணுனதாலதான் அப்புறம் வலிச்சுது.

ஊமைப் பேச்சுன்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருக்கியா? நீ எங்க கேள்விப்பட்டிருப்ப. தறி ஓடுற எடத்துல பக்கத்துல நின்னு கத்துனாலும் கேக்காது. அதனால மில்லுப் பொம்பளைங்க சத்தமே போடாம, வாய நல்லா அகலமா அசைச்சுப் பேசிக்குவோம். எந்த மேஸ்திரி எவளப் பாத்து இளிச்சான்னு அந்தக் கோடில இருக்கறவளுக்கு இந்தக் கோடிலேர்ந்து சொல்லிரலாம். லண்டன்ல நாங்க வாடகைக்கு இருந்த வீட்டுக்காரி சுவத்துல காத வச்சுக்கிட்டே இருப்பா. அவளுக்கு டிமிக்கி குடுக்கத்தான் டெலியாவுக்கும் அதக் கத்துக்குடுத்தேன். கொஞ்ச நாள்ல பாரு, என் வாயப் பாத்தே எல்லாத்தையும் புடிச்சிருவா. ராத்திரிச் சாப்பாட்டுல வீட்டுக்காரி எதுக்க உக்காந்துக்கிட்டே அவ சமைச்ச கெழங்கத் திட்டுவோம். சிரிப்ப அடக்க முடியாம உங்கம்மா தண்ணிய மூக்குல வாங்கிக்குவா.

வரேன், விசயத்துக்குத்தான் வரேன்.

பெரிய படம் ஒண்ணு வந்துச்சு. ஒரு பெரிய பிரபுவோட பொண்டாட்டி வேசம். பர்ன்லிப் பேச்சப் போக்க வாத்தியாரம்மா ஒருத்தி வந்தா. பல்லுக்கு நடுவுல தக்கைய வச்சுப் பேசச் சொல்லுவா. நானும் பேசுனேன். சாயந்தரம் வீட்டுக்கு வந்தா டெலியா கூட உக்காந்து திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாப்போம். தேறிட்டேன், நெசமாத் தேறிட்டேன். ஆனா அழுக வந்தா மட்டும் பர்ன்லி வந்துரும். புள்ள செத்துப்போற சீன்ல நான் அழுததப் பாத்து லைட்டுக்காரங்களே கண்ணத் தொடச்சாங்க. டைரக்டர் கிட்ட வந்து, உன் வாயசைவு மாதிரித் தெளிவா நான் பாத்ததே இல்லன்னாரு. நான் பெருமையா மில்லுல படிச்சதுன்னேன். அட மக்கு. அவரு எதுக்குச் சொன்னாருன்னு அப்பப் புரியல. அம்புட்டுத் தெளிவா அசையற வாய்க்கு எவ குரல வேணாலும் பொருத்திரலாம்ல.

படம் முடிஞ்சதும் எல்லாரையும் டப்பிங்குக்குக் கூப்புட்டாங்க. மழச் சத்தம், வண்டிச் சத்தம் விழுந்த எடத்தையெல்லாம் திரும்பப் பேசணும். வேலக்காரி வேசம் போட்ட புள்ளயக்கூடக் கூப்புட்டாங்க, என்னைய மட்டும் கூப்புடல. நான் பேசுனது அப்படியே சுத்தமா இருக்கு போலன்னு நெனச்சேன். டெலியாகிட்டயும் சொன்னேன். அப்ப பொறிச்ச மீனத் தின்னுக்கிட்டு இருந்தோம். ஆமா எட்னா, அதாத்தான் இருக்கும்னா. தலையக்கூட நிமித்தல. அந்த வாரம் முழுக்க அவளுக்கு ரேடியோ நாடகமாம். தொண்டைக்குத் தேனும் எலுமிச்சையும் நான்தான் கலந்து குடுத்தேன்.

முதல் நாள் படத்துக்கு வெள்ளிச் சரிக கவுனு, கையில முழங்கை வரைக்கும் உறை. டெலியா பக்கத்து சீட்டு. வெளக்க அணைச்சதும் என் கையப் புடிச்சுக்கிட்டா. எனக்குப் பதட்டம்னு தெரிஞ்சு புடிக்கிறான்னு நெனச்சேன். திரையில நான் வாயத் தொறக்குறேன், உங்கம்மா பேசுறா. கைய உருவிக்கிட்டேன். புள்ள செத்த சீன்ல தியேட்டரே அழுவுது. நானும் அழுதேன், எதுக்குன்னு யாரு கேப்பா.

வீட்டுக்கு வந்து கேட்டேன். நான் பேசலன்னா வேற எவளோ பேசியிருப்பா எட்னா, எவளோ பேசுறதுக்கு உன்னத் தெரிஞ்ச நான் பேசுனா நல்லதுதானன்னா. உன்கிட்டயும் அதத்தான் சொல்லியிருக்கா, இல்ல? எனக்கு உதவி பண்ணுனதா. சொல்லுவா. அவ அத நம்புனா.

அப்புறம் வந்த படத்துலயும் அதே கததான். மறுத்தா வீட்டுக்குப் போன்னாங்க. அதுக்கும் பின்னால காலம் மாறிப்போச்சு. மில்லுக்காரன், சொரங்கத்துக்காரன் கதையா எடுக்க ஆரம்பிச்சாங்க. என் காலம் வந்துருச்சுன்னு ஓடுனேன். தறிக்காரி வேசத்துக்குப் பேசிக் காமிச்சேன். அந்த டைரக்டர் சின்னப் பையன், ரொம்ப மரியாதையாச் சொன்னான். மேடம், உங்க பிரபு வீட்டுப் பேச்சுத்தான் ஊருக்கே தெரியுமே, வடக்கத்திப் பேச்சு உங்களுக்கு ஒட்டலன்னான். பர்ன்லிக்காரிக்கு பர்ன்லிப் பேச்சு ஒட்டலயாம். வெளிய வந்து பஸ் ஸ்டாப்புல நின்னு சிரிச்சேன் பாரு, பக்கத்துல நின்னவன் நகந்து போயிட்டான்.

இல்ல கண்ணு. அதுக்காகத்தான் பேச மாட்டேங்கிறேன்னு நெனைக்காத. தொழில்ல இதெல்லாம் நடக்கும். அந்தக் கோவமெல்லாம் எப்பவோ ஆறிப்போச்சு. வியாழக்கிழம வரேன். கறுப்புக் கோட்டு இருக்கு, பின்னால உக்காந்துக்குறேன். பேச மட்டும் கூப்புடாத.

ஏன்னு கேக்குறியா? சொன்னா உனக்கு எதுக்குன்னு பாத்தேன்.

அந்தப் படத்துக்கெல்லாம் முன்னாடி ஒரு கிறிஸ்மஸுக்கு டெலியாவ எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். எங்கம்மா அவ மூஞ்சியத் தடவிப் பாத்துச்சு. எங்கம்மாவுக்கு அப்பவே ரெண்டு கண்ணும் போயிருச்சு. உன் குரல் வெண்ண மாதிரி இருக்குடி, இனி எங்க கேட்டாலும் தெரிஞ்சுக்குவேன்னு உங்கம்மாகிட்ட சொல்லுச்சு. தன் குரல எங்கம்மா எங்க கேட்டாலும் கண்டுபுடிச்சிரும்னு தெரிஞ்சும்தான் உங்கம்மா போயி மைக் முன்னால நின்னா.

படம் பர்ன்லிக்கு வந்தப்போ தெருவே எங்கம்மாவக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி முன்னால உக்கார வச்சுருக்கு. நானும் போயிருந்தேன். படம் முடிஞ்சு வெளக்கு போட்டதும் எங்கம்மா என் பக்கம் திரும்பி, டெலியா நல்லாப் பண்ணியிருக்கா எட்னா, நீ எந்த எடத்துல வந்தன்னு கேட்டுச்சு. நான்தாம்மா அது, குரல மட்டும் மாத்திட்டாங்கன்னேன். தெருவே சத்தியம் பண்ணுச்சு. எங்கம்மா ஒத்துக்கவே இல்ல. ஒருத்தி நடிக்க இன்னொருத்தி பேசுவாளா, என்னையத் தேத்துறதுக்காக எல்லாரும் சேந்து பொய் சொல்றீங்கன்னு நெனச்சுருச்சு.

சாகுற வரைக்கும் அப்படித்தான். நான் ஊருக்குப் போறப்பெல்லாம் என் கையத் தடவிக் குடுத்துச் சொல்லும். விடுடி, அழுவாத, அடுத்த படத்துல உன்னையும் எங்கயாவது ஒரு ஓரத்துல போடுவாங்கன்னு.