மட்டைக்காரர்கள் ஐம்பது பேர்

எனக்குச் சிகரெட் பழக்கம் கிடையாது. புகை நாற்றம் சட்டையில் ஏறிவிட்டால் அன்றைக்கே துவைக்கப் போட்டுவிடுவேன். நான் சேர்ப்பது சிகரெட் பெட்டிக்குள் வரும் பட அட்டைகளை. யுத்தத்துக்கு முன்னால் சீமையிலிருந்து வந்த பெட்டிகளில் ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை வைத்திருப்பார்கள். தீப்பெட்டியைவிடச் சற்று நீளம். முன்பக்கம் வண்ணப் படம், பின்பக்கம் நாலைந்து வரி விவரம். கப்பல், பறவை, கொடி, கிரிக்கெட் ஆட்டக்காரர் என்று வகை வகையாக வரும். ஐம்பது படம் சேர்ந்தால் ஒரு வரிசை. ஒன்று குறைந்தாலும் அது வரிசை இல்லை, வெறும் காகிதக் குவியல். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது, இன்ஸ்பெக்டர்.

உத்தனப்பள்ளியில் எங்களுக்கு நிலம் உண்டு. அண்ணன் பார்த்துக்கொள்கிறார். நான் ஓசூரில் தனியாக இருக்கிறேன், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெங்களூரில் படித்தபோது தொற்றிய ஆசை இது. இன்றைக்கும் மாதம் ஒருமுறை அங்கே போய்ப் பழைய சாமான் கடைகளில் தேடுவேன். ஏலக்கடைக்காரர்களே ஓர் அட்டையின் விலை தெரியவில்லை என்றால், நாராயணப்பன் வரட்டும் என்று எடுத்து வைத்துவிடுவார்கள். நான் சொல்லும் விலையை யாரும் மறுத்ததில்லை. கூட்டியும் சொல்லமாட்டேன், குறைத்தும் சொல்லமாட்டேன்.

போன வருஷம், ஐம்பத்தாறில், ஒரு சந்தை நாளன்று உத்தனப்பள்ளியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, மூக்கு ஒழுக நின்று எதையோ சப்பிக்கொண்டிருந்தாள். வெல்லத்துண்டு என்று நினைத்தேன். வாயிலிருந்து எடுத்தபோதுதான் தெரிந்தது, அது ஓர் அட்டை. சிவப்புக் கொடி பறக்கும் கப்பல். ஒரு மூலை ஊறிப் பிசுபிசுவென்று பிரிந்துகிடந்தது. இருந்தாலும் அவள் பின்னாலேயே போனேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடிசைகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே ஆஞ்சப்பன் இருந்தான். அவனுடைய மருமகள் சாந்தம்மா, இந்தச் சிறுமி பூவம்மாள், ஆக மூன்று பேர். அவன் முன்பு மத்திகிரிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் குதிரைக்காரனாக வேலை பார்த்தவன். துரை ஊரைவிட்டுப் போகும்போது ஒரு தகரப் பெட்டியை அவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பெட்டி நிறைய அட்டைகள். இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கும். அத்தனையையும் ஒரே இடத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வாங்க சாமி, நெழலுக்கு வாங்க" என்றான் ஆஞ்சப்பன். சொல்லி முடிக்குமுன் இருமல் வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினான். அந்தக் கையைக் கோவணத்தில் துடைத்தான். அதே கையைப் பெட்டிக்குள் விட்டான்.

நான் ஜாதி பார்ப்பவன் இல்லை. சுத்தம் பார்ப்பவன். இரண்டும் வேறு வேறு. சாந்தம்மா எனக்காகவே ஒரு புது டம்ளர் வாங்கி அதில் காப்பி கொடுத்தாள். விரதம் என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் சொன்னேன். அவர்கள் மனம் நோகக்கூடாது என்றுதான்.

விலை மதிக்க எனக்குப் பல நாள் பிடித்தது. என் துண்டை விரித்து அதன்மேல் வரிசை வரிசையாகப் பிரித்து வைத்தேன். மூலை மழுங்கியிருக்கிறதா, நிறம் வெளுத்திருக்கிறதா, முதுகில் கறை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஆஞ்சப்பன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டு எனக்கு அட்டை எடுத்துக் கொடுப்பான். வேண்டாம் என்று சொன்னாலும் மறந்துவிடுவான். ஈரமான விரல்ரேகை ஒவ்வொரு படத்தின்மீதும் பதிந்து காயும். வீட்டுக்கு வந்து சோப்பு போட்டுக் குளித்தாலும் என் கை என்னுடையதாக இருக்காது.

பெட்டியிலேயே மிக உயர்ந்தது கிரிக்கெட் மட்டைக்காரர்களின் வரிசை. நாற்பது ஐம்பது வருஷப் பழசு. அதில் நம் நாட்டு மகாராஜா ஒருவரும் மட்டையோடு நிற்பார். ஐம்பதும் இருந்தன. நான் பதினெட்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த வரிசை அது.

மொத்தத்துக்கும் உள்ள விலையை ஒளிக்காமல் சொன்னேன். கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த சாந்தம்மாவின் கை நின்றுவிட்டது.

"மாமா, குடுத்துரலாம். கூரையாச்சும் மாத்திக்கலாம்" என்றாள்.

"பேடா சாமி, பேடா" என்று ஆஞ்சப்பன் வேண்டாமெனத் தலையாட்டினான். அவனுக்குப் பிடிவாதம் வந்தால் பேச்சு கன்னடத்துக்குப் போய்விடும். பிறகு மட்டைக்காரர்களில் ஒருவனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். "இவனப் பாருங்க. இவன் எம்பையன் திம்மப்பன்."

எனக்குப் புரியவில்லை.

"கெணறு வெட்டறப்போ வெடியில போயிட்டான் சாமி. அப்போ இந்தப் புள்ள வயித்துல இருந்துச்சு. அவனப் படம் புடிச்சு வெக்கலீங்களே. இந்தாளு மூஞ்சி அப்படியே அவனாட்டம். இதக் காட்டித்தான் பூவிக்கு, இவருதான் உங்கப்பன்னு சொல்லியிருக்கேன். அவனப் போயி வித்துத் திங்கறதா?"

அட்டையில் இருந்தவன் ஒரு வெள்ளைக்காரன். செம்பட்டை முடி, நீல நிறத் தொப்பி. இவனுடைய மகனுக்கும் அவனுக்கும் என்ன ஒற்றுமை இருந்திருக்கும் என்பதை உங்கள் யோசனைக்கே விட்டுவிடுகிறேன். அந்தப் பெண் குழந்தை ஓடிவந்து அதை வாங்கி முத்தம் கொடுத்தது. முத்தம் என்றால் வாயைத் திறந்து முழு எச்சிலோடு கொடுக்கும் முத்தம். நான் எழுந்து வெளியே போய் வேலிப்பக்கம் சற்று நேரம் நின்றேன்.

ஆஞ்சப்பனுக்குக் காசநோய். பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்து, தொடர்ந்து ஒன்றரை வருஷம் விடாமல் சாப்பிட்டால் பிழைத்துக்கொள்வாய் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கசப்பு மாத்திரை. விழுங்கினால் வயிற்றைப் புரட்டும் என்பான். ஆனால் அடுத்த மாதம் நான் போனபோது ஆள் தேறியிருந்தான். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. ரோடு வரைக்கும் நடந்து வந்து என்னைக் கூட்டிப்போனான்.

"இனிமே எனக்குச் சாவு இல்ல சாமி. நீங்க பொட்டியப் பத்தி இனிப் பேசக்கூடாது" என்று சிரித்தான்.

குடிசைக்குள் போனதும் சுவரைக் காட்டினான். உடம்பு தேறிய சந்தோஷத்தில் பேத்திக்காகச் செய்தானாம். கப்பல் வரிசை முழுவதையும், வாயில் ஊறிய அந்த ஒன்று உட்பட, கேழ்வரகுக் கூழைத் தடவி மண்சுவரில் ஒட்டியிருந்தான். கூழ் காய்ந்து விளிம்புகளில் பிதுங்கி நின்றது. அதன்மேல் எறும்பு ஊர்ந்தது. ஒரு கப்பல் தலைகீழாக இருந்தது.

"அடுத்தாப்ல குருவிங்கள ஒட்டப்போறோம்" என்றாள் பூவம்மாள்.

அன்றைக்கு எனக்கு வந்ததைக் கோபம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கோபம் வந்தால் மனிதன் நிதானம் இழப்பான். நான் நிதானமாகவே இருந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். ஒரு பக்கம் உலகத்தில் இனி யாரும் அச்சடிக்க முடியாத பொருள். இன்னொரு பக்கம் ஊருக்கு நூறு பேர் இருக்கும் ஒரு கிழவன்.

மறுநாளே போய், நான்தான் மாதாமாதம் பெங்களூர் போகிறேனே, மருந்தை நானே வாங்கி வந்து தருகிறேன் என்றேன். சாந்தம்மாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவள் கூலி வேலைக்குப் போக வேண்டும். பெங்களூர் போனால் அன்றைய கூலி போய்விடும். ஆஸ்பத்திரிச் சீட்டையும் காசையும் என் கையில் கொடுத்தாள். அந்தக் காசில் நான் ஒரு தம்பிடிகூட எடுத்ததில்லை. ஒவ்வொரு மாதமும் சீட்டில் எழுதியிருந்த மருந்தை எழுதியிருந்தபடியே வாங்கினேன். பிறகு அதை என் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, அதே அளவில் வெள்ளையாக இருக்கும் சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த மாத்திரை என் சொந்தச் செலவு.

மருந்தை ஏன் எறியவில்லை என்று உங்கள் ஏட்டு கேட்டார். மூடி திறக்காத, லேபிள் கிழியாத எதையும் எறிய எனக்குக் கை வராது.

"இந்த மருந்து கசக்கல சாமி, வயித்தயும் பொரட்டல. எங்க புடிச்சீங்க? ஒங்க கையி நல்ல கையி" என்று ஆஞ்சப்பன் கும்பிட்டான். கையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தான். நான் பின்னால் நகர்ந்துவிட்டேன்.

மூன்றாம் மாதம் இருமல் திரும்பியது. அதன்பிறகு ரத்தம். மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும், நிறுத்திவிடாதே என்று சொன்னேன். ஒருநாள் சானமாவுக் காட்டில் யானைகள் ரோட்டில் இறங்கிவிட்டதால் பஸ் வெகுநேரம் நின்றுவிட்டது. நான் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. ஆஞ்சப்பன் ரோட்டோரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எலும்புக்கூடு. நடக்க முடியாதவன் எப்படி அங்கே வந்து சேர்ந்தானோ தெரியாது.

"யானை மறிச்சிருக்கும்னு பயந்துட்டேன் சாமி. எனக்காவ வரப்போயி ஒங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?" என்றான்.

அவன் வாயோரம் ரத்தக்கோழை நூல்போல் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. மாத்திரையைக் கல்லின்மேல் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

ஆடி மாதம் செத்துப்போனான். காரியம் முடிந்ததும் சாந்தம்மாவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தாள். சாட்சிக்குப் பக்கத்து வீட்டு வெங்கடப்பனைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டேன். முதலில் சொன்ன அதே விலையைக் கொடுத்தேன். சுவரில் ஒட்டிய வரிசைக்குக்கூடக் கழிக்கவில்லை. அவளுடைய நிலைமையைப் பயன்படுத்திப் பாதி விலைக்குக் கேட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பான்.

படியிலேயே அந்தச் சிறுமி நின்றுகொண்டிருந்தாள். "எங்கப்பாவ மட்டும் குடுத்துரு சாமி" என்றாள்.

சாந்தம்மா அவள் வாயைப் பொத்தினாள். பிறகு அவளே கையைப் பிசைந்துகொண்டு, "ஒண்ணே ஒண்ணுதானுங்க. வேணும்னா அதுக்குண்டான காசப் புடிச்சுக்குங்க" என்றாள்.

ஒன்றை எடுத்தால் வரிசை போய்விடும் என்பதை அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். புரிந்ததா என்று தெரியவில்லை. குழந்தை அழுதுகொண்டே போனது. அழுகைக்கு நடுவே இருமியது.

இரண்டு மாதம் கழித்து சாந்தம்மா தனியாக வந்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வந்து நின்றாள். அதற்குமுன் அவள் அப்படிச் செய்ததில்லை.

"பூவிக்கும் மாமாவோட சீக்குதான்னு கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. மாத்திரை குடுத்தாங்க. துப்பிட்டா. ஏன்டி துப்பறேன்னு நான் ஒண்ண வாயில போட்டுப் பாத்தேன். கசப்பு. மாமாவுக்கு மொத மாசம் குடுத்தாங்களே, அதே கசப்பு." முந்தானை முடிச்சிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து என் முன்னால் நீட்டினாள். "நீங்க குடுத்தது ஏன் சாமி கசக்கல?"

பொய் சொல்ல எனக்குப் பிடிக்காது. அதனால் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சத்தம் போடவில்லை. பொட்டிக்காகவா என்று மட்டும் கேட்டாள். அங்கிருந்து நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

ஆம். ஆஞ்சப்பனைக் கொன்றது நான்தான். தெரிந்தே, யோசித்தே செய்தேன். குழந்தைக்கு நோய் தொற்றியதும் அதனால்தான் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்கிறாராம். இருக்கலாம். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

அட்டைகளை ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே கதவைச் சாத்திக்கொண்டு மட்டைக்காரர்களை மேஜையில் அடுக்கினேன். ஐம்பது பேரும் இருந்தார்கள். பதினெட்டு வருஷம் காத்திருந்தவன், பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. ஒவ்வொன்றிலும் அவனுடைய கட்டைவிரல் தெரிந்தது. இருமல் வாடை வந்தது. கையுறை போட்டுப் பார்த்தேன். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன். வெயிலில் காயவைத்தேன். வாடை போகவில்லை. ராத்திரி அடுத்த அறையில் படுத்தாலும் மூக்கில் ஏறியது. சாப்பாடு இறங்கவில்லை. வாரக்கணக்கில் இப்படியே போனது. கடைசியில் கொல்லையில் இருக்கும் கல்தொட்டியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஊற்றி, பினாயில் கலந்து, எல்லாவற்றையும் அதில் போட்டேன். இரண்டாயிரத்தையும்தான். குச்சியால் கிண்டிவிட்டேன். சாயம் பிரிந்து தண்ணீர் முதலில் சிவந்தது, பிறகு சேற்று நிறமாக மாறியது. செம்பட்டை முடிக்காரன் முகம் சற்று நேரம் மேலே மிதந்தது. பிறகு அதுவும் கரைந்துவிட்டது.

நேற்று நீங்கள் தொட்டிக்குள் லத்தியை விட்டுப் பார்த்துவிட்டு, இந்தக் கூழுக்காகவா ஓர் உயிரை எடுத்தாய் என்று கேட்டீர்கள். நீங்கள் அந்தக் குடிசைக்குள் போய்ப் பார்த்ததில்லை, இன்ஸ்பெக்டர். அந்தச் சுவரைப் பார்த்ததில்லை. நான் மட்டும் தலையிடாமல் இருந்திருந்தால், அவர்கள் கையில் அத்தனையும் இந்நேரம் பாழாகிப் போயிருக்கும்.