தோர்னிக்குத் துணை

பிற்பகல்தான். ஆனால் வடகோடித் தீவில் குளிர்காலம் வந்துவிட்டால் பிற்பகலிலேயே இருட்டிவிடும். கரையிலிருந்து வீட்டுக்குக் கருமணல் மேல் ஓர் ஒற்றையடிப் பாதை. கடல் ஒதுக்கிய கட்டைகளை முதுகில் கட்டிக்கொண்டு யோருன் தனியாக வந்துகொண்டிருந்தாள்... என்னோடு துடுப்புப் போடும் கெட்டிலின் சித்தி அவள். சித்தப்பா ஆர்னோர் வாயாலேயே கேட்டதாகக் கெட்டில் சொன்னான்.

அந்தத் தீவில் முதலில் குடியேறியது இவர்கள்தான். நார்வேயிலிருந்து ஆடுகள், ஒரு நாய், ஒரே மகள் தோர்னி... எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பனிக்கு முன்பே தோர்னிக்கு இருமல் கண்டது. பிழைக்கவில்லை. பாதையோரச் சரிவில் புதைத்தார்கள்.

ஊரில் என்றால் தாத்தா, பாட்டி, அவர்களுக்கும் மூத்தவர்கள் எல்லாரும் ஒரே மேட்டுக்கடியில் கிடப்பார்கள். இங்கே... அந்த மண்ணில் அதுவரை எவரையும் புதைத்ததே இல்லை.

சரிவைத் தாண்டும்போது கேட்டது. நகத்தால் கல்லைச் சுரண்டுகிற மாதிரி... நின்று நின்று. பிறகு குரல்.

“அம்மா... இங்க யாருமே இல்லம்மா.”

கட்டைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“காத்தடிச்சாக்கூட உனக்கு அவ குரலாத்தான் கேக்கும்,” என்றான் ஆர்னோர். “கஞ்சியக் குடிச்சிட்டுப் படு.”

அன்று ராத்திரி கூரைப் புல்லின் மேல் சின்னக் கால்கள் நடந்தன. ஈரமண் வாடை வீட்டுக்குள் இறங்கியது. அவனுக்கும் கேட்டது. விடிந்ததும் நாயை இழுத்துக்கொண்டு சரிவுக்குப் போனான். தனியாகத் திரும்பினான். கையெல்லாம் ரத்தம்.

“அவளுக்குப் பிடிச்ச நாய்தானே,” என்றான்.

கொஞ்ச நாள் சத்தமில்லை. பிறகு மறுபடி கூரையில்...

“அம்மா, நாய் பேச மாட்டேங்குது.”

யோருன் எழுந்து தலையை வாரிக்கொண்டாள்.

“ஏங்க, அடுப்பு அணையாமப் பாத்துக்குங்க.”

ஆர்னோர் அவள் கையைப் பிடித்தான். “நீயும் போயிட்டா நான் இங்க யாரோட இருப்பேன்?”

“அதையேதாங்க அவளும் கேக்குறா.”

அவன் பிடி தளர்ந்தது. காலையில் சரிவில் கிடந்தாள், அந்த மேட்டைக் கட்டிக்கொண்டு, விறைத்துப்போய். பக்கத்திலேயே புதைத்தான். அதன்பின் கூரையில் யாரும் நடக்கவில்லை. அவன் மட்டும் ஒவ்வோர் இரவும் காது கொடுத்துக் காத்திருந்தான்.

கோடையில் ஒரு கப்பல் வந்தது. நல்ல வெயில். புதுக் குடும்பம் ஒன்று சாமான் இறக்கிக்கொண்டிருந்தது. ஆர்னோர் கரைக்கு ஓடினான்.

“இறங்காதீங்க. கும்பிட்டுக் கேக்குறேன்... புள்ளைங்களத் தூக்கிக்கிட்டுத் திரும்பிப் போயிடுங்க.”

அந்த வீட்டுக்காரி சிரித்தாள்.

“எதுக்குண்ணே விரட்டுறீங்க? உங்க வீட்டம்மா எவ்வளவு நல்லவங்க... நாங்க இறக்கி முடிக்கிற வரைக்கும் உங்க பாப்பாவோட விளையாடட்டும்னு எங்க சின்னவளக் கூட்டிட்டுப் போயிருக்காங்க.”