இரண்டும் இடது கால்

என் பெயர் ஞானமுத்து. வயது நாற்பத்தேழு. காலஞ்சென்ற சாமுவேலின் மகன். ஆம்பூர் பெத்லகேம் பகுதியில் மனைவி ரோஸுடன் குடியிருக்கிறேன். ஏற்றுமதி ஷூ கம்பெனி ஒன்றில் சாம்பிள் ரூம் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறேன். மேற்படி விலாசத்தில் என்னைப் பற்றி விசாரித்தால் அக்கம்பக்கத்தார் நல்லவிதமாகவே சொல்வார்கள், எதிர்வீட்டுக்காரர் நீங்கலாக.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1984-ஆம் வருடம் ஜனவரி மாதம் 26-ஆம் தேதி நாயக்கனேரி மலைக் காப்புக்காட்டில் நடந்த மலையோட்டப் போட்டியில் நான் ஓடியபோது என் இரண்டு கால்களிலும் இருந்தவை இடது கால் ஷூக்கள். ஒன்று நீலம், மற்றொன்று சிவப்பு. சந்தன மரம் வெட்டப்பட்ட இடத்தில் காணப்பட்ட இடது கால் தடங்கள் அத்தனையும் என்னுடையவை. ஒற்றைக் கால் திருடன் என்று யாரும் இல்லை.

இதற்கு விளக்கம் என்னவென்றால், எங்கள் கம்பெனியில் வெளிநாட்டு வியாபாரிக்கு அனுப்பும் சாம்பிளை ஜோடியாகத் தைப்பதில்லை. எட்டாம் நம்பர் அளவில் இடது கால் மட்டும் தைத்து அனுப்புவோம். அங்கே அவர்கள் தலையாட்டிய பிறகுதான் இங்கே வலது கால் பிறக்கும். என் இடது கால் அச்சாக எட்டாம் நம்பர் என்பதால் எல்லா சாம்பிளையும் என் காலில் போட்டுத்தான் பார்ப்பார்கள். ஜெர்மன் வியாபாரி ஒருவர் என் பாதத்தைக் கையில் ஏந்தி மெச்சியிருக்கிறார். வீட்டில் அந்தக் காலுக்கு அப்படியொரு மரியாதை கிடையாது.

நான் போட்டியில் சேர்ந்த காரணம் பின்வருமாறு. என் மனைவியின் தம்பி ஐசக், ஜோலார்பேட்டையில் கூட்ஸ் ரயில் டிரைவர். மூன்று வருடமாக மேற்படி போட்டியில் முதல் பரிசு அவனுக்குத்தான். கிறிஸ்துமஸ் அன்று என் வீட்டில், என் செலவில், என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அவன் என் வயிற்றைப் பார்த்து, "மாமா, உங்களுக்கு மலையெல்லாம் ஜாஸ்தி. இந்த பிரியாணி அண்டாவை ஒரு ரவுண்டு சுத்தி ஓடுங்க, கப்பு நானே வாங்கித் தர்றேன்" என்றான். ரோஸ் சிரித்தாள். அவள் சிரித்ததை இங்கே பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். மறுநாளே பெயர் கொடுத்தேன்.

போட்டிக்கு முந்தின நாள் என் கேன்வாஸ் ஷூ வாயைப் பிளந்துவிட்டது. அதன் பிறகு, வியாபாரி வேண்டாம் என்று தள்ளிய ஜாகிங் ஷூ சாம்பிள்கள் இரண்டை மேனேஜரிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தையல் பிரிவில் உள்ள சைரா மட்டும் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணா இது, ரெண்டும் இடது காலு!" என்றாள். தோல்தானே, போடப் போட இளகிவிடும் என்றேன். "தோலு இளகும். எலும்பு இளகுமா?" என்று கேட்டுவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டாள்.

சம்பவ தினம் காலையில் கம்பெனி வாட்ச்மேனிடம் இரவல் வாங்கிய காக்கி அரைக்கால் சட்டையை ஊக்கு போட்டு இறுக்கிக்கொண்டு அடிவாரத்து மைதானத்துக்குப் போனேன். மலைமேல் நட்டிருந்த கொடிக்கம்பம் வரை ஏறி, அங்கே நிற்கும் ஆள் பச்சைக்கொடி காட்டியதும் இன்னொரு பாதையில் இறங்கி மைதானத்துக்கே வந்து சேர வேண்டும் என்பது விதி. விசில் ஊதியதும் எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். முதல் ஏற்றம் முடிவதற்குள் அவர்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லாததால் அமைதியாக இருந்தது.

அதன் பிறகு பாதை இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. போட்டிப் பாதை இடது பக்கம் என்பதை நான் அறிவேன். ஆனால் வலது காலில் மாட்டியிருந்த இடது ஷூவின் மூக்கு புறப்பட்டதிலிருந்தே வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளி ஒரு பக்கமும் மாடு ஒரு பக்கமும் போகிற வண்டிபோல நான் இடது பக்கம் நினைக்க, கால் வலது பக்கம் போயிற்று. அதன் பிறகு மூச்சு வாங்கியதில் எந்தப் பக்கம் போகிறேன் என்று யோசிக்க முடியவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் சந்தன வாசனை வந்தது. பக்கத்தில் கோயில் இருக்கும் என்று நினைத்தேன். அதன் பிறகு புதிதாக வெட்டிய அடிமரமும், அதன் அருகில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, கோணி சுற்றிய உருட்டு ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டிருந்த ஒரு ஆளின் முதுகும் தெரிந்தன. என் காலடிச் சத்தத்துக்கு அவர் அரைப் பார்வையாகத் திரும்பி, காக்கியைக் கண்டதும் ஓட ஆரம்பித்தார். அவரை நான் சக போட்டியாளர் என்றே நினைத்தேன். கழற்றிய துணிமணியை மைதானத்தில் நம்பி விட்டுவர மனமில்லாமல் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறவர் என்று எடுத்துக்கொண்டேன். நம் ஊரில் அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆக, நான் கடைசி இல்லை. அந்த நிமிடம் என் உடம்பில் புகுந்த தெம்பை என்னால் வாக்குமூலத்தில் அடக்க முடியாது.

"யோவ், நில்லுய்யா, நானும் வர்றேன்!" என்று கத்தினேன். அவர் நிற்கவில்லை. அதன் பிறகு அவர் முன்னாலும் நான் பின்னாலுமாக மலை இறங்கினோம். பாறை வந்தால் தாண்டினார், நானும் தாண்டினேன். முள் வந்தால் ஒதுங்கினார், நான் ஒதுங்கவில்லை, ஒதுங்க இந்த ஷூ விடாது. அவர் வேகம் குறையும்போதெல்லாம் நான் கத்தினேன், நான் கத்தும்போதெல்லாம் அவர் வேகம் கூடியது. என் வாழ்நாளில் நான் அப்படி ஓடியதில்லை. முன்னால் போனவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை, மான் என்றே சொல்லலாம். அந்த மானின் குதிகாலை விட்டு நான் பத்தடிக்கு மேல் விலகவில்லை.

அந்த ஒற்றையடிப் பாதை கீழே வந்து போட்டிப் பாதையிலேயே சேர்ந்தது. அவர் மைதானத்துக்குள் பாய்ந்து ரிப்பனை அறுத்துக்கொண்டு போனார். அடுத்து நான் போய்க் குப்புற விழுந்தேன். பேண்டு வாசித்தார்கள். அதை எனக்காக வாசிப்பதாக மண்ணில் முகம் புதைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு நடந்தவை நான் பார்த்தவை அல்ல, பிறர் சொல்லக் கேட்டவை. கமிட்டிச் செயலாளர் ஆரோக்கியசாமி அவருக்கு மாலை போட்டு மார்போடு அணைத்திருக்கிறார். அணைத்ததில் கோணி நழுவிக் கட்டை வெளியே வந்திருக்கிறது. பந்தோபஸ்துக்கு வந்திருந்த போலீசார் அவரை மாலையோடு ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். என்மேல் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தபோது ஜீப் போய்விட்டது.

மேற்படி எதிரி போட்டியில் பெயர் கொடுத்தவர் அல்ல என்பதால் பெயர் கொடுத்தவர்களில் முதலில் வந்தவன் நான் என்று அறிவித்துக் கப்பை என் கையில் கொடுத்தார்கள். ஐசக் வெகுநேரம் கழித்துத்தான் வந்தான். அவனே முதலில் கொடிக்கம்பத்தை அடைந்திருக்கிறான். அங்கே கொடி காட்ட வேண்டிய ஆள் ஒன்றுக்கு ஒதுங்கிவிட்டதால் ஐசக் நின்றுவிட்டான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் பெட்டி கோத்ததுபோல வரிசையாக நின்றுவிட்டார்கள். "கொடி காட்டாம எப்படி மாமா எடுக்கறது?" என்று என்னிடமே கேட்டான். ரயில்வேயின் ஒழுங்கைப் பாராட்டுகிறேன்.

அந்த வாரம் முழுவதும் கப்பு எங்கள் வீட்டு ரேடியோ மேல் இருந்தது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் ரோஸ் டீ போட்டாள்.

அதன் பிறகு ஒரு நாள் சைரா ஓடிவந்து, "அண்ணா, சம்பந்தம் அண்ணனை ஸ்டேஷனுக்கு இட்டுகினு போய்ட்டாங்க" என்றாள். சம்பந்தம் பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டில் கைக்கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவர். விபத்தில் வலது கால் போய்விட்டது. எங்கள் கம்பெனியில் தள்ளிப்போகிற ஒற்றை சாம்பிள்களை அவருக்குக் கொடுப்பது வழக்கம். பிடிபட்டவர், கட்டை வழியில் கிடந்தது, மரத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டதாகவும், மரத்தடியில் ஷூத் தடம் எல்லாம் இடது காலாகவே இருந்ததால் சம்பந்தத்தின் ஷூவைக் கழற்றித் தடத்தோடு வைத்துப் பார்த்ததாகவும், அடிப்பாகம் ஒத்துப்போனதாகவும் அறிந்தேன். ஒத்துப்போகாமல் என்ன செய்யும், ஒரே அச்சு.

நான் உண்மையைச் சொன்னால் சம்பந்தம் வெளியே வருவார். ஆனால் நான் தடம் மாறி ஓடியவன் என்பதும் வெளியே வரும். வீட்டுக்கு வந்திருந்த ஐசக், "போய்ச் சொல்லுங்க மாமா. அப்படியே கப்பையும் துடைச்சு வெச்சுட்டுப் போங்க, நான் எடுத்துக்கறேன்" என்றான். நான் மூன்றாவது தோசையை வேண்டாம் என்றேன். என் வீட்டில் இது முன்பு நடந்ததில்லை. அதைக் கண்டு ரோஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "கப்புல கொழம்பா ஊத்தப் போறீங்க? அந்த ஆளு ஒத்தக் காலோட குந்தினுக்கீறாரு. எழுந்து போங்க" என்றாள்.

அதன் பிறகு ஒரு பையில் இரண்டு ஷூக்களையும், இன்னொரு பையில் கப்பையும் எடுத்துக்கொண்டு நானாகவே நிலையத்துக்கு வந்தேன். சம்பந்தம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "ஒத்தக் கால்ல மலை ஏறத் தெரிஞ்சா நான் ஏன் சார் பஸ் ஸ்டாண்டுல குந்திக்கினு வாட்சைக் கிண்டுறேன்?" என்று ஏட்டையாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மேற்கண்ட விவரம் முழுவதையும் உதவி ஆய்வாளர் அவர்களிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஷூவைப் போட்டு நிலைய வளாகத்தில் நேராக ஓடிக் காட்டச் சொன்னார். நேராக ஓடினேன். வலது பக்கம் நிறுத்தியிருந்த ஏட்டையாவின் சைக்கிளில் போய் முட்டினேன். அதன் பிறகு நம்பினார். சம்பந்தத்துக்கு டீ வரவழைத்து அனுப்பி வைத்தார். போகும்போது சம்பந்தம், "வழக்கு முடிஞ்சா அந்த ரெண்டையும் எனக்கே குடுத்துடுங்க ஞானமுத்து, ரெண்டுமே எனக்கு ஆவும்" என்றார். சம்மதித்திருக்கிறேன்.

அதன் பிறகு நான் கப்பை மேஜைமேல் வைத்தேன். கமிட்டிச் செயலாளர் ஆரோக்கியசாமியை வரவழைத்தார்கள். ஐசக்கும் வந்துவிட்டான், குளித்துத் தலை வாரி, கப்பு வாங்குகிற சட்டையோடு. ஆரோக்கியசாமி, தடத்தைக் கண்டெடுத்த வனக்காவலரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். நான் போன பாதை போட்டிப் பாதையைவிடக் குட்டையா, நெட்டையா என்று. நெட்டை, அதுவும் செங்குத்து என்றார் வனக்காவலர். "குறுக்கால வந்தவனைத்தான் தள்ளணும். இந்த மனுஷன் சுத்தி வந்திருக்காரு. சுத்தி வந்தும் முதல்ல வந்திருக்காரு" என்று சொல்லி ஆரோக்கியசாமி கப்பை எடுத்து மறுபடி என் கையில் கொடுத்தார். நான் கொடிக்கம்பத்தைத் தொடவில்லையே என்று ஐசக் கேட்டான். அங்கே கொடி காட்ட ஆளே இல்லாதபோது யார் வந்தார், யார் வரவில்லை என்பதற்கு யார் சாட்சி என்று ஆரோக்கியசாமி கேட்டார். ஐசக் உட்கார்ந்துவிட்டான். உதவி ஆய்வாளர் அவர்கள் எழுந்து எனக்குக் கை கொடுத்தார். ஏட்டையா கூட கைதட்டினார், சைக்கிள் வளைந்ததை மறந்து. ஆக, ஒரே கப்பை இரண்டு முறை ஜெயித்தவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான்.

மேற்படி எதிரியை மரத்தடியில் கட்டையோடு கண்டதும், அங்கிருந்து மைதானம் வரை கண் எடுக்காமல் துரத்தி வந்ததும் நான்தான். நான் கண்டது பெரும்பாலும் அவர் முதுகையே என்பதால் இன்று நிலையத்தில் அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி அடையாளம் காட்டினேன். அதன் பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

இதில் சொன்னவை யாவும் நான் கண்டும் ஓடியும் அறிந்தவை, கேட்டு அறிந்ததைக் கேட்டது என்றே சொல்லியிருக்கிறேன். யாருடைய தூண்டுதலும் இல்லை. எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டு, சரி என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) சா. ஞானமுத்து

வாசித்துக் காட்டியபோது விடுபட்டதாகத் தெரிந்து சேர்க்கப்பட்டது: எதிரியின் வயது எழுபத்திரண்டு.