கண்ணாடிக்குள் அசைந்த உதடு

மிஸ் கிரே: அந்தப் படத் துண்ட இன்னொரு தடவ ஓட்டுங்க, ஆர்வின்.

ஆர்வின்: மறுபடியுமா? சாப்பாட்டு மணியே அடிச்சாச்சு, மிஸ் கிரே.

மிஸ் கிரே: கடலுக்கடியில நடக்கற துண்டு மட்டும்.

ஆர்வின்: ஊமைப் படமா எடுத்தப்ப எவன் என்ன உளறினானோ... இப்ப பாதிப் படமாவது பேசணும்னு முதலாளி ஒத்தக் கால்ல நிக்கறார். உதட்டப் பாத்தே பேச்சச் சொல்ல நீங்க கெடச்சீங்க, தப்பிச்சோம்.

மிஸ் கிரே: எங்கம்மாவுக்குக் காது கேக்காது. வீட்ல எல்லாருக்கும் உதட்டுப் பேச்சுதான்.

ஆர்வின்: நேத்து அந்தக் காதல் காட்சியில நம்ம கதாநாயகன் 'செருப்பு கடிக்குது'ன்னு சொல்றான்னீங்களே... சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு.

மிஸ் கிரே: இங்க... நிறுத்துங்க. பின்னால, பித்தளைத் தலைக்கவசம் மாட்டினவர்.

ஆர்வின்: அவனா... நீர்மூழ்கிக் கப்பல் ஆளா வர்ற துணை நடிகன். ஸ்டூடியோ தண்ணித் தொட்டிக்குள்ள எறக்கி எடுத்தது. 'கடல் நம்மளோடது'ன்னு அவன் வாயில வெக்கப் போறோம். பொருந்துமா?

மிஸ் கிரே: பொருந்தாது. 'காத்து வரல'ங்கறார்.

ஆர்வின்: நடிப்பா இருக்கும்.

மிஸ் கிரே: கேமராவப் பாத்துச் சொல்லல. தொட்டிக்கு மேல நிக்கறவங்களப் பாத்துச் சொல்றார். காத்துக் குழாயப் பிடிச்சு இழுக்கறார், பாருங்க.

ஆர்வின்: ஆமா... இருங்க, மேல ஓட்டறேன்.

மிஸ் கிரே: கவசக் கண்ணாடி மங்கிடுது. உதடு நின்னுடுது. கை மட்டும் ஆடுது... அது அவர் ஆட்டறதில்ல. தண்ணி ஆட்டுது.

ஆர்வின்: படத்துலயே இதான் தத்ரூபம்னு டைரக்டர் எல்லார்கிட்டயும் போட்டுக் காட்டறார்.

மிஸ் கிரே: அப்புறம் அவர் என்ன ஆனார்?

ஆர்வின்: ஓடிட்டான். மெக்சிகோவுக்கு, ஒரு நாட்டியக்காரியோட.

மிஸ் கிரே: யார் பாத்தா?

ஆர்வின்: ...கதவச் சாத்திக்கறேன், இருங்க. யாரும் பாக்கல. அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க. மறுநாளே தொட்டிய மூடிட்டாங்க.

மிஸ் கிரே: கண்ணாடி மங்கறதுக்கு முன்னால ஒரு பேரு சொல்றார். 'லெட்டி'.

ஆர்வின்: அவன் பொண்டாட்டி. வாரக்கணக்கா ஸ்டூடியோ கேட்டுல வந்து நின்னாளாம். மெக்சிகோ கதையச் சொல்லி வெரட்டி விட்டாங்க. நான் பாத்ததில்ல... பாவம், இன்னமும் அவனச் சபிச்சுக்கிட்டிருப்பா.

மிஸ் கிரே: சபிச்சேன், ஆர்வின்... இன்னிக்குக் காலைல வரைக்கும்.