போடிமெட்டு லைன்

ஒச்சப்பன்: ...அந்த நைலக்ஸ் சேலையோட பெட்டிகிட்ட வராத, வராத! அதுல பொறி கெளம்பும், கார்டுக்கு ஆகாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு இஞ்சினியரு.

பொன்னுமணி: நூல்சேலைதாண்ணே. கண்ணத் தொறந்து பாருங்க.

ஒச்சப்பன்: அட, ஆமா! அதுவும் புதுசு! டெலிபோன் எக்சேஞ்சுப் பெட்டியில ஒரு கார்டு மாட்டுறதுக்கு இம்புட்டுச் சிங்காரமா? கல்யாண வீட்டுக்கு வந்தவ மாதிரில்ல நிக்கிற.

பொன்னுமணி: கேலியப் பெறகு பண்ணலாம், சோலியப் பாருங்கண்ணே. மதுரை வண்டி வந்திருச்சுன்னா இஞ்சினியரு நேரா இங்கதான் வருவாரு.

ஒச்சப்பன்: வரட்டும். ஆஸ்பத்திரிக்கு, போலீஸுக்கு, கரண்டாபீசுக்கெல்லாம் சொல்லிட்டியா? பெட்டிய அமத்துனா ஊருக்குள்ள ஒரு போனும் அடிக்காது.

பொன்னுமணி: காலையிலேயே சொல்லியாச்சு. ஏலக்காய்க் கம்பெனிக்காரருதான் குதிக்கிறாரு, ஏலம் நடக்கிற நாளாப் பாத்து அமத்துறீகளேன்னு.

ஒச்சப்பன்: குதிக்கட்டும். இந்தக் கார்டு உள்ள போயிட்டா மலைக்கு அவரே நேரா டயல் பண்ணிக்கிரலாம். அம்மா தாயேன்னு ஒன்னையக் கெஞ்ச வேண்டியதில்ல.

பொன்னுமணி: ம்...

ஒச்சப்பன்: என்ன ம்? ஒனக்கும் நல்லதுதான. தெனமும் காலையில எஸ்டேட்டு எஸ்டேட்டா மணியடிச்சு, கேக்குதா கேக்குதான்னு தொண்டை கத்த வேணாம். லைன் உசுரோட இருக்கான்னு பெட்டியே பாத்துக்கிரும்.

பொன்னுமணி: தெரியும்ணே. நீங்க தடுப்புக்கு அந்தப் பக்கம் வயருகிட்டப் போங்க. நான் மணியடிப்பேன், அங்க எடுத்து கேக்குதும்பாக. நான் "சரி"ன்னதும் அந்த வயரைப் பழைய போர்டுல இருந்து கழட்டி, பேரெழுதிச் சீட்டுக் கட்டிருங்க. சரிங்கிறதுக்கு முன்னாடி கை வச்சிராதீக.

ஒச்சப்பன்: எனக்கே பாடமா! ஆரம்பி, ஆரம்பி. ஒங்குரலு இங்க நல்லாக் கேக்குது.

பொன்னுமணி: அலோ, குரங்கணியா? கேக்குதா?

காசிமாயன் (போனில்): நல்லாக் கேக்குதும்மா! இங்க அட்டை கடிச்சு ரத்தமா ஓடுது, அதையும் ஒங்க ஆபீசுல சொல்லு!

பொன்னுமணி: ஆபீசுல சொன்னா அட்டை போயிருமா? சுண்ணாம்பு வைங்க. ...சரி!

ஒச்சப்பன்: கழட்டியாச்சு! அடுத்து போடிமெட்டுத்தான?

பொன்னுமணி: அது கடைசியில. ...அலோ, கொட்டகுடியா? கேக்குதா? ...சரி! ...அலோ, முந்தலா? ...சரி!

ஒச்சப்பன்: எல்லாம் ஆச்சு. போடிமெட்டு ஒண்ணுதான் பாக்கி. ...பொன்னுமணி? ...என்ன புள்ள, சத்தத்தையே காணோம்?

பொன்னுமணி: தண்ணி குடிக்கிறேன்ணே.

ஒச்சப்பன்: தண்ணிச் செம்பு இங்கல்ல இருக்கு. ஒங்கப்பன நெனச்சுக்கிட்டு நிக்கிற. அதான?

பொன்னுமணி: எந்த அப்பன்? நான் சுருளிவேலக் கட்டுன அன்னைக்கே, எனக்கு மகளே பொறக்கலன்னு சொல்லிட்டு மலையேறுன மனுசன். போடிமெட்டு ஸ்டோருல ஏலக்கா காய வச்சுக்கிட்டுக் கெடக்காரு. மணியடிச்சா எடுப்பாரு. கேக்குதாம்பேன், கேக்குதும்பாரு. இத்தனை வருசத்துல அதுக்கு மேல ஒரு வார்த்தை கெடையாது.

ஒச்சப்பன்: ஒங்குரலுன்னு அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

பொன்னுமணி: பெத்தவருக்குத் தெரியாமப் போகுமா? தெரிஞ்சும் தெரியாத மாதிரி. நானும் அப்படியே இருந்துட்டேன்.

ஒச்சப்பன்: ஒண்ணு சொல்லவா... சொல்லக்கூடாதுன்னு ஒங்கப்பன் சின்னச்சாமி அண்ணன் சத்தியம் வாங்கியிருக்காரு.

பொன்னுமணி: என்னதுண்ணே? சொல்லுங்க.

ஒச்சப்பன்: நீ லீவு போட்டா, வேற குரலு கேட்டதுமே போனைக் கணக்கப்பிள்ளை கையில குடுத்திட்டுப் போயிருவாராம். நான் லைன் பாக்க மேல போனா மொதக் கேள்வியே, "அந்தப் பிள்ளைக்கு மேலுக்கு முடியலையா?"

பொன்னுமணி: ...இத இம்புட்டு நாளா வயித்துக்குள்ளயே வச்சிருந்தீகளா? நல்ல அண்ணன்!

ஒச்சப்பன்: சத்தியம்ல வாங்கிட்டாரு, என்ன பண்ணச் சொல்ற? சரி, இன்னைக்கு விட்டா இனி எந்தச் சாக்குல கூப்பிடுவ? பேசிரு தங்கச்சி. ஒரே ஒரு தடவை அப்பான்னு சொல்லு. அந்த மனுசன் அதுக்குத்தான் காத்துக் கெடக்காரு.

பொன்னுமணி: வருசக்கணக்காச் சொல்லாத வார்த்தைண்ணே...

ஒச்சப்பன்: இன்னைக்குச் சொல்லு. வெரசா மணியடி.

பொன்னுமணி: ...அலோ. போடிமெட்டா? ...கேக்குதா?

சின்னச்சாமி (போனில்): கேக்குது.

பொன்னுமணி: ...

சின்னச்சாமி: ...இன்னையோட இது நின்னுருமாமே?

பொன்னுமணி: ஆமாங்க... இனி டயல் பண்ணுனாப் போதும்.

சின்னச்சாமி: ம்... மேல மழை புடிச்சிருச்சு. கீழயும் எறங்கும். ...கொடை கொண்டாந்தியாத்தா?

பொன்னுமணி: ...சரி.

பொன்னுமணி (ரிசீவரை வைக்காமல்): ...அப்பா. நாந்தாம்ப்பா, பொன்னுமணி. எனக்கு ஒரு மக இருக்காப்பா. ஒங்க ஆத்தா பேரைத்தான் வச்சிருக்கோம், மொக்கம்மான்னு. அவுக வீட்டுல என்னமோ புதுப் பேரெல்லாம் சொன்னாக, நாந்தான் அடம்புடிச்சேன். அவ மூக்கு அப்படியே ஒங்க மூக்கு...

ஒச்சப்பன்: பொன்னுமணி...

பொன்னுமணி: இருங்கண்ணே! ...அவரைக் கட்டுனது தப்புன்னு நான் நெனைக்கலப்பா. ஒங்ககிட்டச் சொல்லாமப் போனதுதான் தப்பு. அன்னைக்கு எனக்குச் சோத்தைப் போட்டு மூடி வச்சிட்டு, நான் வருவேன்னு நீங்களும் சாப்பிடாம இருந்தீகளாமே... இன்னும் அத நெனச்சா எனக்குச் சோறு எறங்கலப்பா. ஒருக்கா வீட்டுக்கு வாங்க. வையிறதுக்காச்சும் வாங்க. ...வச்சிர்றேன். ...பேசிட்டேண்ணே.

ஒச்சப்பன்: ...என்ன சொன்னாரு?

பொன்னுமணி: ஒண்ணும் சொல்லல.

ஒச்சப்பன்: தங்கச்சி... நான் பாவிப்பய. நீ சரின்னதும் கைப்பழக்கத்துல வயரைக் கழட்டிட்டேன். நீ பேசுனது ஒண்ணுமே மேல போகல. நீ பேசப் பேச எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, வயரைக் கையில புடிச்சுக்கிட்டு மரமா நின்னுட்டேன்... அழுகாத புள்ள. இஞ்சினியரு இன்னும் வரல. இந்தா, திருப்பி மாட்டிட்டேன். அடி மணியை. அவரு போன்கிட்டயேதான் நிப்பாரு. இப்பச் சொன்னியே, அதையே திருப்பிச் சொல்லு...

பொன்னுமணி: வேணாம்ணே, கழட்டிருங்க. பொழுதன்னைக்கும் இந்தப் போர்டுல கெடக்கிறவளுக்குச் செத்த லைன் எதுன்னு தெரியாதா? கொடை கொண்டாந்தியாத்தான்னு கேட்டாரு, எனக்கு நாக்கே எழும்பல. நீங்க கழட்டட்டும்னுதான் சரின்னேன். வயரு போன பெறகுதாண்ணே எனக்கு அப்பான்னு வாயில வந்துச்சு.